மாமனார் கொடுத்த வயலின்

காதுக்காரருக்குக் குடும்பத்தில் இரண்டு எதிரிகள். ஒருவன் அவர் சோற்றைத் தின்றான், இன்னொருவன் அவர் பெயரைத் தின்றான். சோற்றைத் தின்றவன் மாப்பிள்ளை. பெயரைத் தின்றவன் மச்சினன்.

மூவருமே வயலின்காரர்கள் என்பதுதான் கேடு. ஒரே தெருவில் மூன்று துணிக்கடை இருந்தாலாவது, ஒருவன் கடையில் கூட்டம் வழியும்போது அடுத்தவன் கடைக்கு நாலு பேர் ஒதுங்குவார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று வயலின் இருந்தால் ஒதுங்க இடமே கிடையாது.

காதுக்காரர் ஒலிபரப்பு நிலையத்தில் மூத்த வயலின் கலைஞர். பக்கத்து அறையில் யாராவது வில்லை ஓர் இழுப்பு இழுத்தால் போதும். இது இன்னாருடைய வயலின், தந்தி மாற்றி ரொம்ப நாளாயிற்று, உள்ளே பசை விட்டிருக்கிறது என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடுவார். அதனால்தான் அந்தப் பெயர். வாசிப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. குற்றம் கண்டுபிடிப்பதில் கிடையாது.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கல்யாண வீட்டிலும் சந்தைத் திடலிலும் ஆட்டப்பாட்டு வாசிப்பவன். அவனுடைய வயலின் ஒருமுறை லாரியிலிருந்து விழுந்து வயிறு பிளந்தது. ஒட்டிவிட்டான். ஆனாலும் மூன்றாம் தந்தியில் கை வைத்தால் டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்டதுபோல ஒரு கரகரப்பு வரும். அதை வைத்து எல்லோரும் அவனை விரிசல் என்றே கூப்பிட்டார்கள். அவனும் அந்தப் பெயரிலேயே விளம்பரம் போட்டுக்கொண்டான்.

பகை ஓர் இசைத்தட்டில் ஆரம்பித்தது. காதுக்காரரின் நீண்ட சாஸ்திரிய உருப்படி ஒன்றைப் பதிவுசெய்ய வந்த கம்பெனிக்காரன், மறுபக்கம் காலியாக இருக்கிறதே என்று மச்சினனை ஓர் ஆட்டப்பாட்டு வாசிக்கச் சொன்னான். தட்டு வெளியே வந்தபோது மறுபக்கம் முன்பக்கமாகியிருந்தது. அந்த ஆட்டப்பாட்டை இன்றைக்கும் முடிதிருத்தும் கடைகளில் சீட்டியடிக்கிறார்கள். தட்டைத் திருப்பிப்போட்டுக் காதுக்காரரைக் கேட்டவர் என்று ஒருவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் நிலையத்தில் இரண்டாவது வயலின் நாற்காலி காலியானது. சாஸ்திரியம், நாட்டுப்புறம் இரண்டையும் ஒரே ஆள் வாசிக்க வேண்டும் என்று நிர்வாகம் சிக்கனம் பிடித்திருந்தது. வேலையோடு குடியிருப்பும் உண்டு.

காதுக்காரருக்கு அந்தக் குடியிருப்புதான் கண்ணில் நின்றது. மகளும் மாப்பிள்ளையும் கல்யாணம் ஆன நாளிலிருந்து மாடியில் அவருடைய சாதக அறையில்தான் குடியிருந்தார்கள். அவரோ சலவை இயந்திரத்துக்கும் இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணிக்குவியலுக்கும் நடுவே, சாமான் அறையில் நின்று வாசித்துக்கொண்டிருந்தார். வில்லை முழுதாக இழுத்தால் முழங்கை சோப்புத்தூள் அலமாரியில் இடிக்கும். மாப்பிள்ளைக்கு இந்த வேலை கிடைத்தால் அறை திரும்பி வரும். விரிசலுக்குக் கிடைத்தால் அறையும் போச்சு, மானமும் போச்சு.

தேர்வு நாள் காலையில் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

"திரை போட்டிருப்பாங்க. பேசக்கூடாது, இருமக்கூடாது, செருப்புச் சத்தம்கூட வரக்கூடாது. நம்பர் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்" என்றார் காதுக்காரர்.

"அப்ப நான்தான்னு உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"உன் கையில இருக்கிறது யாரு வயலின்? நான் கல்யாணத்துக்குக் குடுத்தது. நீ செத்துப்போய் வாசிச்சாலும் அது எனக்குத் தெரியும்."

"அப்பா, வாழ்த்துற லட்சணமா இது?" என்றாள் மகள்.

மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "என் தம்பியும் வர்றானாம்."

"வரட்டும். நாலு மாடு வந்தாத்தான் சந்தை."

"யாரை மாடுங்கறீங்க?"

"உன் குடும்பத்தைச் சொல்லல. மாடு கோவிச்சுக்கும்."

"இத்தனை வருஷமா ஒரு மாட்டுக்குத் தீனி போட்டுட்டிருக்கேன். அதுக்கு ஒருநாளும் ரோஷம் வந்ததில்ல."

காதுக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

திரை வைத்துத் தேர்வு நடத்துவது நியாயத்துக்காக என்பார்கள். மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் நியாயத்துக்காகத்தான். துண்டுக்கடியில் எந்த விரல் யாருடையது என்று தெரிந்தவனுக்குத்தான் லாபம். நிலையத்தின் இயக்குநர் அம்மாள், குழல்காரர், காதுக்காரர் என்று மூன்று நடுவர்கள். வாசிப்பவர் யாரென்று தெரியாது, தெரிந்தால் உடனே நடுவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன் என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். காதுக்காரர் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

முதல் மூன்று பேரும் வந்தார்கள், போனார்கள். நான்காம் எண் வில்லை வைத்தது. மூன்றாம் தந்தி. டப்பாவுக்குள் ஈ.

காதுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வாடா மச்சினா.

நீண்ட உருப்படியை நான்காம் எண் பதறாமல் வாசித்தது. ஒவ்வொரு சுரத்தையும் கண்ணாடிக் கிண்ணம்போல எடுத்து, துடைத்து, வைத்தது. குழல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். 'என் பாணியைத் திருடி எனக்கே விற்கிறான், களவாணி' என்று காதுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டப்பாட்டு வந்தபோது வாசிப்பு கொஞ்சம் விறைத்தது. அது அவருக்குத் தேனாக இருந்தது. ஊரையே ஆடவைத்தவனுக்குத் திரைக்குப் பின்னால் கால் நடுங்குகிறது.

ஏழாம் எண் வந்தது. முதல் இழுப்பிலேயே அவருக்கு மயிர் கூச்செறிந்தது. அவருடைய மரம், அவர் பழக்கிய குரல். மேல் தந்தி மட்டும் புதுசு. பரவாயில்லை, மாப்பிள்ளைக்குக்கூட அக்கறை வந்துவிட்டது. நீண்ட உருப்படியில் ஏழாம் எண் இரண்டு இடங்களில் வேலி தாண்டியது. இளரத்தம் என்று மன்னித்தார். ஆட்டப்பாட்டில் இயக்குநர் அம்மாளின் செருப்பு மேசைக்கடியில் தாளம் போட்டது. காதுக்காரர் குனிந்து பார்த்தார். தன் காலும் ஆடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் வாசித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

"எனக்கு நாலுதான்" என்றார் குழல்காரர். "வயலின் ஓட்டை, கை தங்கம். என்ன ஒரு அடக்கம்!"

"அடக்கமா அது?" என்றார் காதுக்காரர். "சவ ஊர்வலம். அந்த ஆட்டப்பாட்டுக்கு எவனாவது ஆடினா இடுப்பு பிடிச்சுக்கும்."

இயக்குநர் பென்சிலைத் தட்டினார். "நாலுக்கும் ஏழுக்கும் நடுவுல எனக்குக் கொஞ்சம் தயக்கமாத்தான் இருக்கு."

"தயங்காதீங்கம்மா. ஏழு யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நல்ல இடத்துல வளர்ந்த கை. என் காது மேல சத்தியம்."

இதோடு நிறுத்தியிருந்தால் கதை பாதி நஷ்டத்தோடு முடிந்திருக்கும். அவருக்கு வாங்கிய சரக்கு போதவில்லை, அடுத்தவன் கடையையும் இழுத்துச் சாத்த வேண்டும். "நாலுக்கு 'தகுதியில்லை'ன்னே போட்டுடுங்க" என்றார். அந்த முத்திரை விழுந்தால் அந்த ஆள் இந்த நிலையத்து வாசலை மறுபடி மிதிக்க முடியாது.

"அவ்வளவு கடுமையா வேணுமா?" என்றார் குழல்காரர்.

"இன்னைக்கு இரக்கப்பட்டா நாளைக்கு நாமதான் அதைக் கேக்கணும்."

முத்திரை விழுந்தது. இயக்குநர் ஏழாம் எண்ணின் உறையைப் பிரித்துப் பெயரை வாசித்தார். மச்சினன் பெயர்.

"தப்பு" என்றார் காதுக்காரர். "ஏழு அவன் இல்ல."

"எப்படித் தெரியும்?" என்றார் இயக்குநர்.

குழல்காரர் மெதுவாக, "யாருன்னே தெரியாதுன்னீங்களே அண்ணே" என்றார்.

காதுக்காரர் தன் கையெழுத்தையும் அதன் அடியில் இழுத்த கோட்டையும் பார்த்தார். நான்காம் எண்ணின் உறையைப் பிரிக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இயக்குநரே பிரித்தார். மாப்பிள்ளை.

வெளியே நடைவழிப் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை மடியில் ஒட்டுப்போட்ட வயலின். விரிசல் மடியில் காதுக்காரரின் வயலின்.

"மேல் தந்தி அறுந்துபோச்சு மாமா. அந்த நேரம் பார்த்து நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க. சின்ன மாமா தன்னோடதைக் குடுத்தாரு" என்றான் மாப்பிள்ளை.

"இவன் குடுத்தா வாங்கிடுவியா? விஷம் குடுத்தா?"

"உங்க மூஞ்சியைப் பாத்துட்டே மூணு வேளை சாப்பிடறவன் அத்தான்" என்றான் விரிசல். "விஷம் அவனை என்ன பண்ணும்?"

"வேணும்னே பண்ணினேடா!"

"தந்தி தானா அறுந்துச்சு. வயலினைக் குடுத்தது நான். அதுக்குப் புதுத் தந்தி போட்டேன், என் முறை வந்ததும் அதையே வாசிச்சேன். நல்ல மரம் அத்தான். கொஞ்சம் கர்வம் பிடிச்சது, அதட்டினா அடங்குது." அவன் குரலைத் தாழ்த்தினான். "கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். பையன் அருமையா வாசிச்சான். அந்த நாற்காலியில நான் உக்காந்திருந்தா அவனுக்குத்தான் போட்டிருப்பேன். உள்ள இருந்தது நீங்க. என்ன போட்டீங்க?"

காதுக்காரர் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

வீட்டில் அன்று இரவு அடுப்படிப் பாத்திரங்கள்தான் முதலில் சண்டை போட்டன. கடைசியில் மாப்பிள்ளைதான் கேட்டான். "எங்க தப்பு பண்ணினேன் மாமா? சொன்னா திருத்திக்கிறேன்." தவறு செய்தவனிடம் தவறாதவன் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது அது.

"தகுதியில்லைன்னு யாருப்பா போட்டது?" என்றாள் மகள்.

"மூணு பேரும் சேர்ந்துதான்."

"குழல்காரர் வீட்டம்மா மத்தியானமே போன் பண்ணிட்டாங்க" என்றாள் மனைவி. "அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல. நீங்க அந்தக் காதைத் தூக்கிட்டு சாமான் ரூமுக்குப் போங்க."

மாப்பிள்ளை பழிவாங்கவில்லை, அதற்கு அவனுக்குச் சாமர்த்தியம் போதாது. பிழைக்கத்தான் செய்தான். விரிசலின் கோஷ்டியில் இடம் காலியாயிருந்ததால் அங்கே சேர்ந்தான். விறைத்துப்போன ஆட்டப்பாட்டைச் சரிசெய்ய மாடி அறையில் நாள் முழுக்கச் சாதகம் செய்தான். எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டுமா? அந்த இசைத்தட்டின் முன்பக்கம். கூரை வழியாக ஈயின் கரகரப்போடு அது கீழே இறங்கியது. கீழே, சோப்புத்தூள் அலமாரியில் முழங்கை இடிக்க, காதுக்காரர் தட்டின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

நிலையத்தில் விரிசல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே அவருடைய வயலின்.

"அது எங்க வீட்டுது" என்றார் காதுக்காரர்.

"மாப்பிள்ளையும் நானும் மாத்திக்கிட்டோம். கல்யாணக் கூட்டத்துக்கு என்னுது நல்லா சத்தமா கேக்கும், அவனுக்கு அதுதான் வேணுமாம். வேணும்னா கேளுங்க, குடுத்துடுவான். நீங்க கேட்டு அவன் எதை இல்லைன்னான்?"

மூத்தவர் சுருதி கொடுக்க, மற்றவர்கள் அதற்குத் தந்தியைக் கூட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். எல்லோரும் காதுக்காரரைப் பார்த்தார்கள். அவர் தந்தி சுற்றிய பிருடையை யாருக்கும் தெரியாமல் ஒரு மயிரிழை முறுக்கி, சுருதியை ஏற்றிக் கொடுத்தார். அவன் சரியான சுருதிக்குக் கூட்டினால் மூத்தவரை மீறியவன் ஆவான். தப்புக்குக் கூட்டினால் செவிடன் ஆவான்.

விரிசல் ஒரு கணம் அவரைப் பார்த்தான். பிறகு மெதுவாக, மயிரிழை பிசகாமல், அந்தத் தப்புக்கே கூட்டினான். இரண்டு வயலினும் ஒரே தொண்டையாகச் சேர்ந்து ஒலித்தன.

"என்னண்ணே, குடும்பத்தோட மேல ஏறிட்டீங்க?" என்று குழல்காரர் குழலை இறக்கினார். "எனக்குச் சேரலையே."

"உங்க குழலைப் பாருங்க சார்" என்றான் விரிசல், முகத்தில் சுருக்கம் விழாமல். "இது காதுக்காரர் குடுத்த சுருதி. தப்பா இருக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். காதுக்காரர் பிருடையைப் பிடித்தார். எல்லோரும் பார்க்கவே கீழே இறக்கினார். பக்கத்து நாற்காலியில் அவருடைய வயலினும் கூடவே இறங்கியது.