கோடு விழுந்த படம்

கொழுந்தன் பெரிதாக்கிக் கொண்டுவந்த படத்தை அவள் வாங்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"இது யாரு தம்பி?"

"என்ன அண்ணி... அண்ணன்தான். போன மாசம் என் போன்ல எடுத்தது."

"உங்கண்ணன் எப்ப இவ்ளோ வெள்ளையானாரு?"

கூடத்தில் அவள் கணவரைக் கிடத்தியிருந்தார்கள். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மயானத்துக்குப் போகும் வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அழுகிறவர்கள் நடுவிலிருந்து எழுந்து, வாசலை ஒட்டிய ஸ்டுடியோ அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். இருபது வருஷமாக அவர் படமெடுப்பார், அவள் திருத்துவாள்.

போன் படத்தில் வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தாள். முகம் சாம்பல் பூத்ததே தவிர, கருக்கவில்லை. தாடைக்குக் கீழே வெறும் மை.

அவருடைய பழைய கேமரா அப்படியில்லை. கருப்புக்குள் நூறு கருப்பைக் காட்டும். கருத்த பெண்ணைப் பெற்றவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அதன் சென்சார் பழுதாகிப் படத்தில் கோடு விழ ஆரம்பித்தது. அந்த மாடல் வருவதே நின்றுபோயிருந்தது. அலைந்து திரிந்ததில் எங்கோ ஒரே ஒரு சென்சார் அகப்பட்டது, புதுக் கேமராவைவிட அதிக விலைக்கு.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்றாள் அவள் அன்றைக்கு. "போய்ச் சேர வேண்டியதுக்கு எதுக்குங்க வைத்தியம்?"

அவர் சிரித்தார். கேமராவை அவள் கையில் கொடுத்து, "கடைசியா என்னை ஒண்ணு எடு. கோடு அதோட கோளாறா, என் தலையெழுத்தானு பாத்துடலாம்" என்றார். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டினார். அதன்பின் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அந்தப் படத்தைத் திறந்தாள். நெற்றிக்குக் குறுக்கே பச்சைக் கோடு. நிழலில் மெல்ல வெளிச்சத்தை ஏற்றினாள். இருட்டுக்குள்ளிருந்து கழுத்துச் சுருக்கம் வந்தது. காதோர நரை வந்தது, சவரத்தில் தப்பிய நாலு முடியும்.

"கோட்ட அழிச்சிடுங்க அண்ணி" என்றான் பின்னால் நின்ற கொழுந்தன்.

"இருக்கட்டும்."

நிறம் சரிதானா என்று பார்க்கக் கூடத்துக்குப் போனாள். யாரோ தோளைத் தொட்டார்கள். விலக்கிக்கொண்டு முகத்தருகே குனிந்தாள். காலையில் பார்த்த நிறம் இல்லை. உதடு வெளுத்திருந்தது. கன்னத்தில் மஞ்சள் தட்டியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பிரிண்ட் குடுத்துடலாமா அண்ணி? வண்டி வந்துடுச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மௌஸைப் பிடித்தாள்.

"இரு தம்பி. அவரு இன்னும் கொஞ்சம் கருப்பு."