தொட்டால்தான் பேசும் மாப்பிள்ளை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தங்கை புருஷன் என்னிடம் ஓசியில் வெப்சைட் கேட்டார். அவர் பூட்டு ரிப்பேர்க்காரர். நான் வெப்சைட் செய்பவன். மீதி நேரத்தில் கதை எழுதிச் சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொள்பவன்.

தங்கை கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார் மனுஷன். மறதி. அதைக்கூட மன்னித்திருப்பாள். "நம்ம பூட்டு அவ்வளவு கெட்டி, பொண்டாட்டியாலயே திறக்க முடியல" என்று வாடிக்கையாளர்களிடம் விளம்பரம் செய்தாரே, அதுதான் தாங்கவில்லை.

அவர் போனை அவள் எடுப்பதில்லை. "வெப்சைட்டுன்னா பார்ப்பா மச்சான். குறை கண்டுபிடிக்கவாவது பார்ப்பா," என்றார்.

2

திறந்து மூடும் பூட்டுப் படம் வேண்டுமாம். அதன் கீழே வீடியோவில் அவர் மன்னிப்புக் கேட்பாராம். பக்கம் திறந்ததும் தானாகப் பேச வேண்டுமாம்.

"தானா பேசாது மாப்ள. படம் ஓடும், சத்தம் வராது. பாக்கறவங்க தொட்டாதான் வரும்."

"என்ன மச்சான், இது அவளுக்கு மேல இருக்கே!"

ஜன்னலோரம் தங்கை கண்ணீரைத் துடைத்தபடி

[தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள். "யாருண்ணா அழுதா? அழி அத." அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை.]

3

பக்கம் வெளியானது. சாவி தொலைத்தவர்கள் எல்லாரும் தொட்டுக் கேட்டார்கள். கீழே எழுதினார்கள்: "பரவாயில்லண்ணே, நாங்க மன்னிச்சாச்சு. சீக்கிரம் வாங்க, வாசல்லயே நிக்கிறோம்."

ஊரே மன்னித்துவிட்டது. மன்னிக்க வேண்டியவள் மட்டும் சத்தமில்லாத வாயசைப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்காரு," என்றாள். பிறகு, "என்னண்ணா சொல்றாரு?"

"தொட்டுக் கேளேன்."

"நீ சொல்லேன்."

பதிவு செய்தவனே நான்தான். ஒரு வார்த்தை விடாமல் தெரியும். அவர் சொன்னது: "நான் உன்ன

[வேண்டாம். இது என் வாயால் வரக்கூடாது.]

4

முடிவு அ: தொடுகிறாள், கேட்கிறாள், அழுகிறாள். (அழமாட்டாள். மேலே பார்க்கவும்.)

முடிவு ஆ: மாப்பிள்ளையே வந்து என் வாசல் பூட்டைத் திறந்து... சீ, சினிமா.

முடிவு இ:

தங்கை லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டாள். "முடிவ நான் பாத்துக்கறேன். நீ வெளிய போ." என் அறையிலிருந்து என்னையே தள்ளிவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

மீதியைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன், கதவில் காதை ஒட்டியபடி. இரண்டு பேரும் சேர்ந்துவிட வேண்டுமே. ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் வந்து காதை வையுங்கள். வீடியோவில் அவர் குரல் கேட்டால் என்னிடம் சொல்ல வேண்டாம், அவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். நம்பர் வெப்சைட்டிலேயே இருக்கிறது.