திரையை மாற்றியவள்

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே ரவாங் ஊரின் கடைவீட்டு மாடியில் ஐந்து கணினித் திரைகளும் பச்சையாக எரியத் தொடங்கிவிடும். ஏர்கோன் கணினிகளுக்காகப் போட்டது. ஐந்து பெண்களும் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, விறைத்த விரல்களை ஊதி ஊதித் தட்டுவார்கள். சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களின் செக்ரோல் என்ற கூலிக் கணக்குத் தாள்கள் கட்டுக்கட்டாக வந்து குவியும். பெயர், வெட்டிய மர நிரை, பால் எடை. செரண்டா பக்கத்துத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் கங்கா, சில நாள் தன் அப்பா பெயரையே தட்டுவாள்.

ப்ரோகிராம் எழுதிக் கொடுத்த கோலாலம்பூர்க்காரன் திரையை மனம் போன போக்கில் அமைத்திருந்தான். தாளில் பெயர் முதலில். திரையில் எடை முதலில். கண் மேலும் கீழும் அலையும். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்டர் பொத்தானை அடித்தாக வேண்டும். அடித்து அடித்துத் திலகத்தின் வலது மணிக்கட்டு வீங்கிப்போயிற்று. தைலம் தடவித் துணி சுற்றிக்கொண்டு வருவாள். விட்டுவிட்டு எங்கே போவது? அந்த ஆண்டு பெரிய தொழிற்சாலைகளே ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்தன.

ப்ரோகிராம் எழுதியவன் விட்டுப்போன தடித்த ஆங்கிலப் புத்தகத்தைக் கங்கா சாப்பாட்டு நேரங்களில் படித்தாள். எந்த வரி, எந்த நெடுவரிசை என்று எண்ணைச் சொன்னால் எழுத்து அங்கே போய் உட்கார்ந்தது. வெற்றுத் திரை ஆளில்லாத திடலைப் போலிருந்தது. எதை எங்கே நட்டாலும் நின்றது. கட்டங்களைத் தாளின் வரிசைக்கே கொண்டுவந்தாள். ஒரு கட்டம் நிறைந்ததும் மின்னும் புள்ளி தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவ ஒரு கட்டளை இருந்தது. அதையும் போட்டாள்.

அடுத்த வாரம் திலகம் துணி சுற்றாமல் வந்தாள்.

முதலாளி தனபாலன் கண்டது வேறு. மத்தியானத்துக்குள் கட்டுகள் தீர்ந்துபோயிருந்தன. கங்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நல்ல மூளைலா உனக்கு. இனிமே மூணு பேரு போதும். நீதான் சூப்பர்வைசர். எந்த ரெண்டு பேரு ஸ்லோன்னு நீயே சொல்லு."

"ஸ்லோன்னு யாரும் இல்ல பாஸ். திலகத்துக்குக் கை முடியலன்னுதான் நான் ஸ்க்ரீன மாத்தினேன்."

"அப்ப ஒண்ணு திலகம். இன்னொண்ணு?"

நாளைக்குச் சொல்வதாகக் கங்கா முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தாள். பழையபடி மாற்றிவிடலாமா என்று பார்த்தாள். புதுத் திரையின் நகலை அவர் டிஸ்கெட்டில் எடுத்து ஏற்கெனவே பூட்டி வைத்துவிட்டார். அவள் செய்தது இனி அவள் கையில் இல்லை.

படிக்கட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். திலகத்தின் பெயர் தன் வாயிலிருந்தே விழுந்ததையும் மறைக்கவில்லை.

ஐவரில் மூத்தவளான மாடில்டா சோற்றை மூடி வைத்தாள். "உன்ன யாருடி படிக்கச் சொன்னா? தட்டினோமா போனோமான்னு இருக்க வேண்டியதுதானே."

"திட்டாதீங்கக்கா," என்றாள் திலகம். "அவ நம்ம கைக்குன்னு செஞ்சா. அவரு அத நம்ம கழுத்துக்கு வச்சிட்டாரு."

யாரையும் நிறுத்த வேண்டாமென எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்போம் என்று பேச்சு வந்தது. ஐந்து பேரையும் அனுப்பிவிட்டு வேறு ஐந்து பேரை எடுத்தால் என்ன செய்வது என்று காளியம்மா கேட்டாள். தனபாலன் அப்படிச் செய்யக்கூடியவர்தான். ரமணி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். அவளைப் பார்த்துக் காளியம்மாவும் எழுந்தாள்.

தனபாலனின் அறை சின்னது. ஐந்து பேர் நுழைந்ததும் தோள்கள் ஒன்றோடொன்று முட்டின.

"ஒவ்வொருத்தரா வாங்க," என்றார் அவர், தலை நிமிராமல்.

கங்கா பக்கத்தில் நின்ற திலகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடில்டா கதவை முதுகால் சாத்தி, அதிலேயே சாய்ந்துகொண்டாள்.

யாரும் வெளியே போகவில்லை.