ரண்டர்ஸ் வரைக்கும்

கறுப்புத் துணியை நாலு விரல் அகலத்தில் கீலம் கீலமாக வெட்டிக்கொண்டிருந்த மேரிகிறேஸ், மேசையில் அதிர்ந்த கைத்தொலைபேசியை ஒருதரம் பார்த்துவிட்டுக் கத்தரிக்கோலை நிறுத்தாமல் வெட்டினாள். திரையில் புருசன் செல்வரட்ணத்தின் பெயர் விழுந்திருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு எங்கேயோ ஓர் ஆற்றங்கரையில் குந்தியிருந்துகொண்டு, கொக்குப் பார்த்த கதை சொல்ல எடுக்கிறார். அவள் காத்திருந்த அழைப்பு வேறு. தங்கச்சி தவமணி மாத்தளனிலிருந்து கடைசியாகக் கதைத்து நாலு கிழமை முடிந்துவிட்டது. அன்று திங்கட்கிழமை, மே பதினெட்டு. வன்னியில் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று காலையிலிருந்து தொலைக்காட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டாவது தரமும் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தரம், ஓஹூஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பதை விட்டுவிட்டு வந்திருந்த மகள் ஸ்ரெபானி எடுத்தாள். டேனிஷில் ஏதோ கேட்டாள். பிறகு கதிரையை இழுத்து இருந்தாள். பேசியது அப்பா இல்லை. நாயோடு நடக்கப் போன ஒரு டேனிஷ்காரி, அவருடைய போனில் கடைசியாக இருந்த இலக்கத்துக்கு அடித்திருக்கிறாள். உங்கள் அப்பா ஆற்றங்கரை மர வாங்கில் சாய்ந்தபடி இருக்கிறார், எழும்புகிறார் இல்லை, அம்புலன்ஸ்காரர் வந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

மேரிகிறேஸ் கையில் இருந்த துண்டை வெட்டி முடித்தாள். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோலை வைத்தாள்.

அந்தப் பயணத்தை செல்வரட்ணம் ஜனவரியில் பதிந்திருந்தார். குடெனோ ஆறு ஊற்றெடுக்கிற இடத்திலிருந்து ரண்டர்ஸில் கடலோடு சேருகிற இடம்வரைக்கும் ஐந்து நாள், சைக்கிளில். கூட்டிக்கொண்டு போக ஆள் கிடையாது. கம்பனி ஒரு வழிப் புத்தகம் தரும், ஒவ்வொரு ஊரிலும் விடுதி பதிந்து வைக்கும், பையை வான் வண்டியில் முன்னாலே கொண்டுபோய் வைக்கும். இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு என்று சொல்லி இரண்டு பேருக்கும் பதிந்திருந்தார். வீட்டுக்குள்ளேயே மூக்குக்கண்ணாடி தேடித் தெரியாத மனிசனுக்கு வழிகாட்டி இல்லாத பயணம் என்று அப்போது அவள் சிரித்தாள்.

பெப்ரவரியில் சிரிப்பு நின்றுவிட்டது. தவமணி குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடற்கரையில் ஒரு பங்கருக்குள் வந்து கிடந்தாள். அவர்கள் குடியிருந்த ஹோர்சன்ஸில் தமிழர் எல்லாரும் பஸ் பிடித்துக் கொப்பன்ஹேகனுக்கு ஊர்வலம் போனார்கள். செல்வரட்ணம் ஒருதரம் போனார். குளிருக்குள் ஆறு மணித்தியாலம் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தார். அடுத்த சனிக்கிழமை போகவில்லை. வாடகைக்கு எடுத்த சைக்கிளில் குடியிருப்பைச் சுற்றி ஓடிப் பழகினார். ஐம்பத்தெட்டு வயதில், பிட்டத்தில் மெத்தை வைத்துத் தைத்த களிசானோடு. யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றவள் கீழே இறங்கிப் போனாள்.

வெட்கமில்லையோ என்று கேட்டாள். அவர் சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் போகாட்டில் அங்கை சண்டை நிக்கப் போகுதோ, கிறேஸ்?"

அது உண்மை. அதற்காகவே அவளால் அவரை மன்னிக்க முடியவில்லை.

அவருடைய குணம் அவளுக்கு இருபத்தைந்து வருசமாகத் தெரியும். பன்றித் தொழிற்சாலையில் குடல் கழுவுகிற பகுதியில் பத்தொன்பது வருசம் நின்றவர். பின்னால் வந்தவர்கள் எல்லாம் மேற்பார்வையாளர் ஆனார்கள். இவர் தோள்மூட்டுத் தேய்ந்து பென்சனில் வந்தார். வந்த அன்றைக்கும் ஒரு குறை சொல்லவில்லை. நல்லாய் நித்திரை கொண்டார். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் கதவுக்குப் பக்கத்துக் கதிரை. ஒருநாளாவது மேசையில் கையால் அடித்துக் கதைத்ததை அவள் கண்டதில்லை. சுடுதண்ணியில் போட்டாலும் வேகாத சாமான் என்று தன் சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறாள்.

மே பதினாறு காலை அவர் தனியாகவே வெளிக்கிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம், தோள்மூட்டு வைத்தியத்துக்கு சில்க்கபோர்க்கில் ஐந்து நாள் நிற்கப் போனவர் என்று அவள் சொன்னாள். வேறு எதைச் சொல்வது?

அன்று பின்னேரம் அவர் போன் எடுத்தார். ஊற்றடியில் காலை அகட்டி வைத்தால் ஆறு இரண்டு காலுக்கும் நடுவால் ஓடுகிறது என்றார். கதைத்து முடிந்ததோ என்று கேட்டு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தார். ஒரு வாவி, அதில் படகு, விடுதியில் நல்ல மீன் என்று தொடங்கினார்.

"தவமணியைப் பற்றி ஒரு சொல் கேட்டீங்களோ?"



"கேட்டால் நீ அழுவாய்," என்றார்.

அவள் தொடர்பைத் துண்டித்தாள். அவர்கள் கதைத்தது அவ்வளவுதான்.

சில்க்கபோர்க் ஆஸ்பத்திரியில் அவரை ஒரு சின்ன அறையில், மெழுகுதிரி கொளுத்திக் கிடத்தியிருந்தார்கள். தாதி மெல்லிய குரலில் விளங்கப்படுத்தினாள்: பெரிய மாரடைப்பு, வேதனை இருந்திருக்காது. நாயோடு வந்த பெண் முதல்தரம் கடந்து போனபோது அவர் வாங்கில் இருந்து அப்பிள் கடித்துக்கொண்டிருந்தாராம், கை காட்டினாராம். திரும்பி வந்தபோது தலை சாய்ந்திருந்ததாம்.

மேரிகிறேஸ் முகத்தைப் பார்த்தாள். தாடையின் கீழே ஹெல்மெட் வார் அழுத்திய தடம். மூக்கு நுனி வெயிலில் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. டென்மார்க்குக்கு வந்து இருபத்துமூன்று வருசத்தில் இந்த மனிசனுக்கு வெயில் பிடித்து அவள் கண்டதில்லை. மூன்று நாளில் பிடித்திருக்கிறது. தவமணி பங்கருக்குள் தண்ணி இல்லாமல் கிடக்க, இவர் சாகிறதற்கும் நிழலாய் ஒரு வாங்கு தேடிப் பிடித்திருக்கிறார்.

ஸ்ரெபானி அவரின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். மேரிகிறேஸுக்குக் கண்ணீர் வரவில்லை. தாதி கொண்டுவந்த கோப்பியைக் குடித்தாள். கோப்பி நன்றாக இருந்தது. அதுவும் அவளுக்குக் கோபத்தைத் தந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சங்கச் செயலாளர் இரத்தினசிங்கம் வந்தான். அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். கோசம் போட்டுப் போட்டுத் தொண்டை அடைத்து, கிழமைக்கணக்கில் நித்திரையில்லாத கண்ணோடு இருந்தான். சட்டையில் அவள் வெட்டிய கறுப்புத் துண்டு குத்தியிருந்தது. செல்வரட்ணம் எங்கே செத்தார், என்ன செய்துகொண்டிருக்கையில் செத்தார் என்பது ரண்டர்ஸ் வரைக்கும் போய்விட்டது என்று அவனுடைய முகமே சொன்னது. தோள்மூட்டுக் கதையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தான். மரண அறிவித்தல். மேலே செல்வரட்ணத்தின் பழைய படம், பக்கத்தில் எரிகிற சுடர். கீழே, தாயகத்தின் துயரச் செய்தி கேட்டு நெஞ்சு வெடித்து உயிர் நீத்தார் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

நாளும் நேரமும் சரியாகப் பொருந்துகிறது என்று அவன் விளங்கப்படுத்தினான். திங்கட்கிழமை செய்தி வந்தது, திங்கட்கிழமை அவர் போனார். மனம் தாங்காமல் தனியாகத் திரிந்தவர் என்றால் ஆர் இல்லையென்று சொல்வது? சனிக்கிழமை மண்டபம் தரலாம், ஓஹூஸிலிருந்தும் டோஸ்ட்ருப்பிலிருந்தும் சனம் வரும், கொடி போர்த்தலாம். அவன் ஏமாற்றவில்லை. சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மையாகிக்கொண்டு வந்தது, கண் கலங்கியது.

மேரிகிறேஸ் தாளை இரண்டுதரம் வாசித்தாள். அந்த ஒரு வரி எல்லாவற்றையும் மூடிவிடும். களிசானை, கொக்கை, அவள் சொன்ன தோள்மூட்டுப் பொய்யை. நாளைக்குக் கடைத்தெருவில் அவள் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

ஸ்ரெபானி அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வந்து, டேனிஷில் விறுவிறென்று சொன்னாள். அப்பா செய்தி ஒன்றும் பார்க்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து முப்பத்தொரு படம் எடுத்திருக்கிறார். மாடு, மதகு, ஐஸ்கிறீம். கடைசிப் படம் இரண்டு மணி பன்னிரண்டுக்கு, சைக்கிளின் முன் சில்லும் ஆறும்.

"பிள்ளை, உமக்கு இதெல்லாம் விளங்காது," என்றான் இரத்தினசிங்கம்.

மேரிகிறேஸ் தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"தம்பி, நெஞ்சு வெடிக்கிற ஆள் இல்லை அவர். அவருக்கு அவ்வளவு கோபமும் வராது, அவ்வளவு கவலையும் வராது. இருபத்தைஞ்சு வருசம் கூட இருந்தனான்."

"அப்ப என்னெண்டு போடுறது அக்கா?"

"சைக்கிள் ஓடப் போன இடத்திலை செத்தவர் எண்டு போடுங்கோ."

"சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் சொன்ன தோள்மூட்டும் பொய்தான். அதையும் சொல்லுங்கோ."

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு, சனிக்கிழமை மண்டபத்தில் எழுச்சி நிகழ்வு ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன் என்றும், சனம் அங்கேதான் போகும் என்றும் சொன்னான். கோயிலும் ஃபாதரும் போதும் என்றாள் அவள். அவன் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தான். வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்ட அவனுக்கு வெகுநேரம் எடுத்தது. இவனும் ஒரு சாவைத் தேடித்தான் வந்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அங்கே எண்ணமுடியாத அளவு கிடக்க, இந்த மனிசனின் சாவையும் விட மனமில்லை. கதவைச் சாத்தினாள். அன்று முழுக்க வேறு ஒருவரும் வரவில்லை. தொலைபேசியும் அடிக்கவில்லை.

புதன்கிழமை காலை ரண்டர்ஸிலிருந்து ஒரு விடுதிக்காரி அழைத்தாள். உங்களுடைய பை வந்துவிட்டது, இன்றைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சந்தோசமாகக் கேட்டாள். ஆள் செத்ததை வான்காரனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பட்டியலில் இருந்தபடி அவன் பையை ஊர் ஊராக ஏற்றி இறக்கி, குறித்த நாளில் ஆறு முடிகிற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான்.

ஸ்ரெபானி கார் ஓடினாள். வழி நெடுக எண்ணெய்க் கடுகு பூத்து வயல்கள் மஞ்சளாகக் கிடந்தன. விடுதிக்காரிக்கு ஸ்ரெபானி விசயத்தைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, அறைக்குப் போய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருங்கள் என்று சாவியைத் தந்தாள்.

இரண்டு பேருக்கு விரித்த கட்டில். அதன் காலடியில் பை. மேரிகிறேஸ் நிலத்தில் குந்தியிருந்து பையின் சிப்பைத் திறந்தாள். முதலில் வந்தது ஒரு பொலித்தீன் பை நிறையச் சின்னச் சின்ன ஜாம் டப்பிகள், விடுதிகளில் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து பொறுக்கியவை. மனிசன் அங்கேயும் மானத்தை வாங்கியிருக்கிறார். பிறகு சவர சாமான்கள். பிறகு இரண்டாவது நாளோடு முடிந்த வழிப் புத்தகம். மூன்றாவது நாளிலிருந்து மிச்சப் பக்கங்களைக் கிழித்துக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்.

ஓரங்களில் பென்சிலால் எழுதியிருந்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். தவமணியின் பெயரைத் தேடினாள். வன்னி என்ற சொல்லைத் தேடினாள். தன் பெயரையும் தேடினாள். பாலம் உடைஞ்சிருக்கு, இடப்பக்கம் போகவும். இந்த மேட்டில் இறங்கித் தள்ளவும். மாடு மறிக்கும், பயப்பட வேண்டாம். இங்கே கோப்பி கூடாது. கடைசிப் பக்கம்வரைக்கும் அவ்வளவுதான்.

"ஆருக்கு எழுதினவராம்?" என்று ஸ்ரெபானி தமிழில் கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும். எருமை மனிசன்," என்றாள் மேரிகிறேஸ்.

பையின் அடியில் இரண்டு சோடிக் காலுறையும் ஒரு பெனியனும் ஈரத்தோடு சுருண்டு கிடந்தன. நாள்கணக்கில் அடைபட்டு மணத்தன. அவற்றை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனாள். தொட்டியில் சுடுதண்ணி நிரப்பி, விடுதியின் சின்னச் சவர்க்காரத்தைப் பிரித்துத் தேய்த்தாள். மண் கரைந்து தண்ணி கபில நிறமானது. அதை ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினாள். மூன்றாவது தண்ணி தெளிவாக வந்ததும் ஒவ்வொன்றாகப் பிழிந்து, யன்னலுக்குக் கீழே இருந்த ஹீட்டரில் விரித்துப் போட்டாள். காலுறைகளின் நுனிகளை ஒரே பக்கம் பார்க்க நேராக்கி வைத்தாள்.

ஸ்ரெபானி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகவில்லையா என்று டேனிஷில் கேட்டாள்.

"நாளைக்குப் பத்து மணி மட்டும் அறை எங்கடைதானே," என்றாள் மேரிகிறேஸ், ஹீட்டரின் திருகைக் கூட்டிக்கொண்டே. "அதுக்குள்ளை காய்ஞ்சிடும்."