ஆன்செல்மின் காளான் இடம்

1

ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது, கல்லெறிந்த பையன் லுபென் ஓடிவிட்டான், நான் மட்டும் தெருவில் நிற்கிறேன், ஆன்செல்ம் வீட்டுக் கதவு திறக்கிறது.

முதல் நிமிடத்திலேயே ஏதாவது உடைய வேண்டும் என்று தொலைக்காட்சித் தொடரிடம் கற்றுக்கொண்டேன். ஆனால் இந்தக் கண்ணாடி நிஜமாகவே உடைந்தது. இதை எழுதும்போது அடுத்த அறையில் அப்பா குறட்டை விடுகிறார். குறட்டை நிற்கும்போதெல்லாம் நானும் நிறுத்துவேன். வாக்கியங்கள் பாதியில் கிடந்தால் அதுதான் காரணம்.

இந்தக் கதை பிறந்தது அப்பாவின் வாயிலிருந்து. அவர் அதை விழுங்கிவிடத்தான் பார்த்தார். ஆனால் முதலில் கொலை. (கொலையை இவ்வளவு தாமதமாகச் சொன்னால் தொலைக்காட்சிக்காரர்கள் என்னை வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.)

2

["பிரான்சின் வோஜ் மலையின் மடியில் பனி போர்த்தி உறங்கியது வல்ரூப் கிராமம்..." அடித்துவிட்டேன். எங்கள் ஊர் உறங்காது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.]

அப்பா என் வயதில் இருந்தபோது, ஒரு அக்டோபர் ஞாயிறு காலை, தபால்காரி ஒதீல் பாலத்தடியில் கத்திக்குத்தோடு செத்துக் கிடந்தாள். போலீஸ் வருவதற்குள் ஊரே போய்ப் பார்த்துவிட்டது. காலடித் தடம் எடுக்க அருமையான சேறு இருந்தது. அதில் ஊரில் உள்ள எல்லா பூட்ஸும் பதிந்திருந்தது. கொலையைத் துப்பறிய விசாரணை நீதிபதி நகரத்திலிருந்து வந்தார். இளைஞர், அழகான கோட்டு, கேமரா தெரிந்தால் அப்படியே நின்றுவிடுவார். அவர் எல்லாரையும் ஒரே கேள்வி கேட்டார்: ஞாயிறு காலை எங்கே இருந்தீர்கள்?

எங்கள் ஊரில் அக்டோபரில் கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான். அந்த மாதம் ஞாயிறு காலையில் எல்லாரும் காட்டில் இருப்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் காளான் முளைக்கும் இடம் ஒன்று உண்டு. மகனுக்குக் காட்டுவார்கள், மருமகனுக்குக் காட்ட மாட்டார்கள். நீதிபதிக்கா காட்டுவார்கள்? ஊரே ஒரே குரலில் "பூசைக்குப் போனேன்" என்றது. எங்கள் தேவாலயத்தில் அறுபது பேர் உட்காரலாம். அன்று இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். பாதிரியார் மறுக்கவில்லை. அவருக்கும் ஒரு இடம் இருந்தது.*

ஆன்செல்ம் நாத்திகர். பூசை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று ஏரியில் மீன் பிடித்ததாகச் சொன்னார். அந்த வாரம் ஏரியில் தண்ணீரே இல்லை, மதகைப் பழுதுபார்க்க வடித்திருந்தார்கள். இருநூறு பொய்களில் அது ஒன்றுதான் மாட்டியது. அவர் பையில் கத்தி வேறு இருந்தது. காளான் வெட்டும் வளைந்த கத்தி. மூன்று வருடம் உள்ளே வைத்தார்கள். மனைவி போய்விட்டாள். பிறகு போதிய சாட்சியம் இல்லை என்று விட்டார்கள். உண்மையில் கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கள் ஊரைக் கேட்டால் மட்டும் சொல்லும்: "அவன்தான், ஆனா மாட்டல."

* ஊர் மக்களின் பக்தியைப் பாராட்டி நீதிபதி பேட்டி கொடுத்தார்.

3

இப்போது இது புதன்கிழமை இரவுகளில் ஆறு பகுதித் தொடர். சொதப்பிய விசாரணையைப் பற்றிய தொடராம். சொதப்பியவர்களை நன்றாகவே கேலி செய்கிறார்கள். கடைசியில் சொதப்பியவர்கள் பிடித்த அதே ஆளைத்தான் பிடிக்கப்போகிறார்கள். ஆன்செல்மின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், மூக்கை மாற்றவில்லை.

நான்காம் பகுதியில் ஒருத்தி காட்டில் காளான் பறித்தாள். அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, அது கடையில வாங்குனது! வெட்டுன காளான மண்ணுல சொருகி வச்சிருக்கானுங்க!"

"கதைதானேப்பா."

"என்ன கதை? அன்னிக்கு அவன் கூடையில கைப்பிடி வரைக்கும் மஞ்சக் காளான். இவனுங்க என்னடான்னா நாலே நாலு..."

நிறுத்தினார்.

"யாரு கூடையிலப்பா?"

"யாரு கூடையிலயும் இல்ல."

"அன்னிக்குன்னா என்னிக்கு?"

"பல்லு வெளக்கிட்டுப் போய்ப் படுடி."

அம்மா தொலைக்காட்சியை அணைத்தாள்.

மறுநாள் காரில் விடாமல் நச்சரித்தேன். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"பூசை மணி அடிச்சப்பதான் ஒதீலக் குத்துனாங்க. மணி அடிச்சப்ப ஆன்செல்ம் எனக்கு முன்னால குனிஞ்சு காளான் வெட்டிக்கிட்டு இருந்தான். பீச் மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பாத்தேன்."

"போலீஸ்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்கப்பா வாயத் தெறக்காதன்னாரு. சொன்னா எந்த இடம்னு கேப்பாங்கல்ல?"

"மூணு வருஷம்ப்பா!"

"வண்டிய ஓட்ட விடு."

"நீங்க எதுக்கு அங்க ஒளிஞ்சிருந்தீங்க?"

அதற்கு மட்டும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

4

[இங்கே ஒரு வர்ணனை தேவை. அந்த இடம் மர ஆலைக்கு வடக்கே, ஓடையைத் தாண்டி]

[அந்த இடம் தெற்குச் சரிவில், பழைய கல்குவாரிக்குக் கீழே]

வாசகரே, இரண்டும் பொய். யாரும் என்னைக் கேட்கவில்லை, கை தானாக எழுதியது. பீச் மரமும் பொய், அது வேறு மரம். அப்பா காரில் அதன் உண்மையான பெயரைத்தான் சொன்னார். ஒரு மனிதரைக் காப்பாற்ற எழுத ஆரம்பித்தவள், என் கதையின் நான்காவது பகுதிக்குள் மரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கதைசொல்லியை எனக்குப் பிடிக்கவில்லை. மாற்றவும் ஆள் இல்லை.

5

கடைசிப் பகுதியை வரும் புதன்கிழமை ஊர் மண்டபத்தில் பெரிய திரையில் போடுகிறார்கள். பிறகு கலந்துரையாடலாம். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். கைதட்டல். அடுத்து எங்கள் ஜன்னல். லுபெனுக்குக் கல் பஞ்சம் இல்லை.

ஆ. அப்பாவே எழுந்து சொல்கிறார். [எனக்கே சிரிப்பு வருகிறது.]

இ. நான் சும்மா இருக்கிறேன். திரையில் நடிகர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுகிறார். அவருக்கு விருது கிடைக்கிறது. ஆன்செல்முக்கு என்ன கிடைக்கும் என்று

குறட்டை நின்றது. இருங்கள்.

சரி. மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

6

இன்று ஐந்தாம் பகுதி முடிந்த கையோடு கல் பறந்தது. கதவு திறக்கிறது என்று நிறுத்தியிருந்தேன் அல்லவா? ஆன்செல்ம் துடைப்பத்தோடு வந்தார். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்போல.

"அஞ்சாவது முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு, முசியே ஆன்செல்ம்."

"நாலாவதுக்குத் தக்காளிதான் வந்துச்சு. பசங்க முன்னேறிட்டானுங்க. நீ கயெத்தான் பொண்ணுதானே? ஓடலையா?"

"கால் வரல."

"அப்ப முறத்தப் பிடி."

பிடித்தேன். அவர் கண்ணாடித் துண்டுகளை அதில் தள்ளினார்.

"அடுத்த வாரம் நான் ஒத்துக்கிறேனாம். பேப்பர்ல போட்டிருக்கான். அழ வேற செய்றேனாம்."

"முசியே, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஏரில."

"ஏரில தண்ணியே இல்ல."

"சேத்துல பிடிச்சேன்."

"எங்கப்பா உங்களப் பாத்தாராம். காட்டுல."

துடைப்பம் நின்றது. [கத்தினார். / அழுதார். / என் கையைப் பிடித்தார். மூன்றும் தொடரிலிருந்து திருடியவை.] தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"எந்த இடம்னு யார்கிட்டயாவது சொன்னானா?"

"இல்ல."

அப்பாடா என்று மூச்சு விட்டார். சத்தியமாக.

"வெளிய வந்ததுலேருந்து நான் அந்தப் பக்கமே போகல. போனா பின்னாலயே வருவானுங்க. மொதல்ல பத்திரிகைக்காரன், அப்புறம் உங்கள மாதிரிப் பசங்க. எடம் தெரிஞ்சு போயிருமே."

அப்பா எதற்காக ஒளிந்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆன்செல்மின் இடத்தைக் கண்டுபிடிக்க. கண்டுபிடித்தார். அடுத்த அக்டோபரில் இவர் சிறையில் இருந்தார், எங்கள் வீட்டு ஆட்கள் கூடையோடு அங்கே இருந்தார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதற்கு 'நம்ம எடம்' என்றுதான் பெயர். போன ஞாயிற்றுக்கிழமைகூடப் போனோம்.

அவர் முறத்தைப் பார்க்கவில்லை. முறத்தைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் காட்டு மண் இருந்தது. பிறகு ஒன்று கேட்டார். நான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். புதன்கிழமை மண்டபத்தில் முன்வரிசையில் உட்காரப்போகிறாராம். என் பதிலுக்காகவா, தெரியவில்லை. உங்களுக்காவது ஏதாவது தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள். கோபமே இல்லாமல், வெகுநாளாகப் பார்க்காத பிள்ளையை விசாரிப்பதுபோல அவர் கேட்டது இதுதான்:

"இந்த வருஷம் அங்க நல்லா மொளச்சிருக்கா?"