ஊதாத சங்கு

மாலகா நகருக்கு மேலே மலையில் இருக்கும் பெனமூசாவில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. வானத்தைத்தான் விசாரிப்பார்கள். மலைச்சரிவில் குடும்பத்துக்கு ஒரு களம். பறித்த திராட்சை அதில் பதினைந்து நாள் வெயிலில் கிடந்து சுருங்க வேண்டும். சுருங்கினால்தான் ஒயின் இனிக்கும். இடையில் ஒரே ஒரு மழை விழுந்தாலும் பழம் வெடித்து, பூஞ்சை பூத்து, ஒரு வருட உழைப்பு பன்றித் தொட்டிக்குப் போய்விடும்.

அதற்காக ஊரில் ஒரு முறை இருந்தது. மேகத்தை முதலில் பார்ப்பவர் சங்கை எடுத்து ஊத வேண்டும். பக்கத்துக் களத்துக்காரர் இல்லையென்றால் அவருடைய களத்துக்கு முதலில் படுதாவை இழுத்துப் போட்டு, ஓரமெல்லாம் கல் வைத்துவிட்டு, பிறகுதான் தன் களத்தைப் பார்க்க வேண்டும். மதுக்கடை எவெலியோவின் தாத்தா எந்தக் காலத்திலோ தன்னுடையதை முதலில் மூடிவிட்டாராம். அந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கும் 'தன்மூடி' என்றுதான் பட்டப்பெயர். எவெலியோவின் பேரன் பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டு அழுதுகொண்டு வருகிறான்.

காசில்டாவின் களமும் பிரிகிதாவின் களமும் ஒட்டினாற்போல் இருந்தன. நடுவில் இருந்த சுவர் முழங்கால் உயரம்கூட இல்லை. இருவருக்கும் அறுபத்திரண்டு வயது, இருவரும் கணவனைப் புதைத்தவர்கள். பிரிகிதாவின் மகள் நோயேலியாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் காசில்டா. நாற்பது வருடமாக ஒருத்தியின் உப்பு தீர்ந்தால் மற்றவள் அடுக்களையில் கேட்காமலேயே எடுப்பாள்.

அந்த வருடம்தான் முதன்முதலாக இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சு வந்து உட்கார்ந்தது. கடற்கரையிலிருந்து லெஸ்மெஸ் என்ற தரகன் வந்தான். சரிவில் நீச்சல் குளத்தோடு வீடுகள் கட்ட இரண்டு நிலமும் சேர்ந்தாற்போல் வேண்டும், ஒன்று மட்டும் என்றால் வேண்டாம் என்றான். பிரிகிதாவுக்கு முழங்கால் போய்விட்டது. மாலகாவில் மகள் வீட்டருகே லிப்ட் வைத்த ஒரு வீட்டை அவள் பார்த்து வைத்திருந்தாள். காசில்டா அசையவில்லை. இந்தக் களத்தை விட்டுவிட்டு எங்கே போய் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன் என்பதுதான் அவளுடைய ஒரே பதில்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, மற்ற களங்களில் முதல் பறிப்பை உலர்த்தி அள்ளிவிட்டிருந்த சமயம், பிரிகிதா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"காசில்டா, இன்னைக்கு டூரிஸ்ட் பஸ் வருதுடி. கிடங்குல ஒயின் ஊத்திக் குடுக்குற முறை என்னோடது. இந்தக் காலை வெச்சுக்கிட்டு எம்பது படி எறங்கி ஏற முடியாது. நீ போறியா?"

"வெந்த மூக்குக்காரங்களுக்கு நான் ஊத்திக் குடுத்தா, ஊர் மானம் போகும்னு நீதானே சொல்லுவ?"

"வாயை மட்டும் மூடிக்கிட்டு ஊத்து. களத்தை நான் பாத்துக்குறேன்."

களத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருத்தி சொல்லிவிட்டால் பெனமூசாவில் மறுபேச்சுக் கிடையாது. காசில்டா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டாள்.

ஊர்ப் பொதுவின் ஒயின் கிடங்கு தேவாலயத்துக்குக் கீழே பாறையைக் குடைந்தது. சன்னல் கிடையாது. காற்றுக்கு ஒரு துவாரம், அவ்வளவுதான். வெயிலில் மூக்கு வெந்த நாற்பது பேர் வந்தார்கள். பீப்பாயைத் தடவினார்கள், வெள்ளைச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள், முதுகெல்லாம் சுண்ணாம்போடு திரிந்தார்கள். ஒரு கிழவர் மூன்றாவது கோப்பையோடு காசில்டாவைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாராகிவிட்டார். "உங்க பெண்டாட்டி பின்னாடியே நிக்கிறாங்க, அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள் அவள். வாயை மூடுவதெல்லாம் அவளுக்கு ஆகிற காரியமா?

சிரித்துக்கொண்டே இருந்தாலும் ஒரு காது அந்தத் துவாரத்தில்தான் இருந்தது. சங்கு ஊதினால் அங்கே கேட்கும். சங்கு ஊதவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம்தான் கேட்டது.

எண்பது படியும், அதன்பின் மலைப்பாதையும். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பழம் சேற்றில் மிதந்தது. அவளுடைய படுதா கீழே ஓடையில் ஒரு வாதுமை மரத்தில் சிக்கித் தொங்கியது. பிரிகிதாவின் களம் மட்டும் மூடியிருந்தது. பிரிகிதா தலை முதல் கால் வரை நனைந்து, சுவர்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"உன்னோடதைத்தான்டி மொதல்ல மூடினேன். கல்லெல்லாம் வெச்சேன். காத்து கல்லோட தூக்கிட்டுப் போயிடுச்சு. சங்கு ஊதினேன், காத்துல எனக்கே கேக்கல. ரெண்டாந்தடவை இழுத்துப் போட கால்ல தெம்பு இல்ல. என்னை மன்னிச்சுடு."

காசில்டாவின் கண் பழத்தை விட்டு நகரவில்லை. ஆனால் கை போய்ப் பிரிகிதாவின் முதுகைத் தடவியது. "அழாதடி, சளி புடிச்சுக்கும். பழம் போனா போகட்டும்" என்று அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். தன் சால்வையைப் போர்த்தி, கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப் போய், தன் கணவன் எடுத்து வைத்திருந்த பழைய ஒயினைச் சூடாக்கிக் கொடுத்தாள்.

ஊரெல்லாம் பிரிகிதாவைக் கொண்டாடியது. அந்தக் காலோடு மழையில் ஓடி அடுத்தவள் களத்தை முதலில் மூடினாளாமே என்று தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள். காசில்டாவின் மனம் உருகிப் போயிற்று. எனக்காக இப்படி நனைந்தவளுக்கு ஒரு லிப்ட் வைத்த வீடு கிடைப்பதற்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறேனே, நான் என்ன பெண்பிள்ளை? மழை பெய்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, எவெலியோவின் கடையில் எல்லோரும் பார்க்க லெஸ்மெஸின் கையைக் குலுக்கினாள். செவ்வாய்க்கிழமை பத்திரத்தில் கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை அழுகலை வாரிக் கொட்டப் போனாள். தன் கத்தரிக்கோலையும் தேட வேண்டியிருந்தது. காம்பு நறுக்கும் கத்தரிக்கோல், அம்மா கொடுத்தது. காலையில் படுதாவை விலக்கியதும் கற்களைக் களத்தின் தலைமாட்டில் வட்டமாக அடுக்குவாள். நடுவில் ஒரு குழி விட்டு, வெயில் படாமல் அதில் கத்தரிக்கோலை வைத்து, மேலே ஒரு பட்டைக்கல்லால் மூடுவாள். சாயங்காலம் கற்களை எடுக்கும்போது அது ஏப்ரன் பைக்குப் போய்விடும். இது யாருக்கும் தெரியாது. கத்தரிக்கோலுக்கு வீடு கட்டுகிறாள் என்று சிரிப்பார்களே என்று பிரிகிதாவிடம்கூடச் சொன்னதில்லை. அன்றைக்கு அவசரத்தில் பிரிகிதா கற்களை எடுத்தபோது கத்தரிக்கோல் எங்கோ சேற்றில் விழுந்திருக்க வேண்டும்.

சேற்றை ஒரு மணி நேரம் கிளறினாள். இடுப்பு ஒடிந்தது. நிமிர்ந்து தலைமாட்டைப் பார்த்தாள்.

கல் அடுக்கு அப்படியே இருந்தது. மேலே அதே பட்டைக்கல்.

காசில்டா கிட்டப் போய் அதைத் தூக்கினாள். கத்தரிக்கோல் உள்ளே இருந்தது, வியாழக்கிழமை காலை அவள் வைத்த மாதிரியே, வாய் மூடி. கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அடிக்கல்லின் கீழே மண் நனையவே இல்லை. வெள்ளையாக, புழுதியாக இருந்தது. ஒரு கல்லையும் யாரும் தொடவில்லை. படுதாவை மட்டும் ஒரு கை ஓடையில் தள்ளியிருக்கிறது.

வேறு ஏதாவது காரணம் இருக்காதா என்று அவளே பிரிகிதாவுக்காக வாதாடிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

பிரிகிதா அடுக்களையில் வாதுமையும் பூண்டும் இடித்துக்கொண்டிருந்தாள், மதியத்துக் குளிர்சூப்புக்கு. காசில்டா கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.

"கெடச்சுதா? எங்க இருந்துச்சு?"

"கல்லுக்குள்ள. நான் வெச்ச எடத்துல. நான் அடுக்கின அடுக்குல."

உலக்கை நின்றது.

"அது... மழை விட்டப்புறம் நான்தான் மறுபடியும் அடுக்கினேன்..."

"அடியில மண்ணு காஞ்சு கெடக்குடி. இன்னொரு பொய் சொல்லாத. ஒண்ணே போதும்."

பிரிகிதா உட்கார்ந்தாள். தலையைத் தூக்கினாள். இப்போது அவள் முகத்தில் அழுகை இல்லை.

"ஆமா. மேகத்தைப் பாத்தேன். சங்கைக் கையில எடுத்தேன். இந்த ஒரு வருஷம் போச்சுன்னா இவ வித்துடுவான்னு தோணுச்சு. கீழ வெச்சுட்டேன். நிலத்தைக் கட்டிக்கிட்டு நீ அழற, நான் படியில உக்காந்து உக்காந்து ஏறுறேன். ஆறு மாசமா உன்கிட்டக் கெஞ்சினேன், காதுல வாங்குனியா?"

"வாங்கல. அது என் தப்புதான். அதுக்கு என்னைத் திட்டு, மூஞ்சில துப்பு. நான் உன்னைக் கட்டிப் புடிச்சு அழுதேனேடி! என் புருஷன் வெச்சுட்டுப் போன ஒயினை ஊத்திக் குடுத்தேன், நீ குடிச்ச. உன் முதுகைத் தடவுனேனே, அப்ப உனக்குக் கூசலயா?"

பிரிகிதா உலக்கையை எடுத்து மறுபடியும் இடிக்கத் தொடங்கினாள். காசில்டா பதிலுக்காகக் கதவருகே சற்று நின்றாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்றும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நோயேலியாவின் குழந்தைகள் இந்த ஊர்ப்பக்கம் வரும்போதெல்லாம் 'தன்மூடி' என்று கூப்பிடுவார்கள். நோயேலியாவை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்திய கை இது.

சும்மா இருந்ததற்குக் கூலி கிடைத்தது. அடுத்த வாரம் ரொட்டி வாங்கிக்கொண்டு எவெலியோவின் கடையைத் தாண்டும்போது அவன் குரல் கொடுத்தான்.

"கையைக் குலுக்கிட்டுக் கழண்டுக்கிட்டியே காசில்டா! உனக்காக மழையில நனைஞ்சவளுக்கு நீ பண்ற கைம்மாறு இதுதானா? எங்க குடும்பத்தைச் சொல்ல வந்துட்டாங்க எல்லாரும்!"

கடையே சிரித்தது. ஓரத்து மேசையில் பிரிகிதா இருந்தாள். காசில்டா அவளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, "விடு எவெலியோ" என்று ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும். பிரிகிதா தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேற்றில் பழம் மிதந்ததைக் கண்டபோதுகூடக் காசில்டாவுக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மாதக் கடைசியில் மறுபடியும் மேகம் வந்தது. பிரிகிதாவும் ஊராரும் கடைசிப் பறிப்பைக் காயப்போட்டிருந்த நேரம். பிரிகிதா கீழே மருத்துவரிடம் போயிருந்தாள். வெறும் களத்தைக் கொத்திக்கொண்டிருந்த காசில்டா நிமிர்ந்தபோது கடல் பக்கம் கறுத்திருந்தது. சங்கு சுவர்மேல், பிரிகிதா அன்றைக்கு ஊதாமல் வைத்தாளே, அங்கேயே கிடந்தது.

அதைக் கையில் எடுத்தாள். எடுத்தபடி நின்றாள். நின்றது உண்மை. ஊதாமல் விடுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பிறகு ஊதினாள். சரிவெல்லாம் ஆட்கள் ஓடினார்கள். அவள் சுவரைத் தாண்டி, பிரிகிதாவின் படுதாவை இழுத்து, கற்களை ஓரம் முழுக்க நெருக்கி வைத்தாள். கடைசிக் கல்லை வைக்கும்போது முதல் துளி விழுந்தது. பிரிகிதா நொண்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூடிய களத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"காசில்டா... நீயா? எனக்காகவா?"

"உனக்காக இல்ல. மேகம் வந்தா மூடணும். காலையில வந்து கல்லை ஒவ்வொண்ணா நீயே எடு. நெசமாவே மூடின களத்துல கல்லு எங்க இருக்கும்னு தெரிஞ்சுக்குவ."

சங்கை அவள் கையில் கொடுத்துவிட்டு, காசில்டா மழையில் இறங்கி நடந்தாள்.