எதிராளியின் நாற்காலி

அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் கேனுக்குக் குழாய் செய்யும் கம்பெனி அது. சொட்டாத குழாய் ஷோபனாவின் வடிவமைப்பு. உள்ளே மூடுவதற்கு ஒரு கூம்பு ஸ்பிரிங். அதற்கே இரண்டு வருடம் போயிற்று. திங்கட்கிழமை கண்காட்சியில் வைப்பதற்குள் காப்புரிமை விண்ணப்பம் போயாக வேண்டும்.

அதற்கு முன் அங்கே ஒரு வழக்கம். கண்டுபிடித்தவரே போட்டிக் கம்பெனிக்காரராக உட்கார்ந்து, தன் பொருளின் பாகங்களை ஒவ்வொன்றாக நீக்கி, மிச்சமிருப்பதில் எது அந்த வேலையைச் செய்யும் என்று தேட வேண்டும். கிடைத்தால் விண்ணப்பத்தில் ஓட்டை. நாளைக்கு எவனும் அதில் நுழைவான்.

ஷோபனா மூடியை நீக்கினாள், வளையத்தை நீக்கினாள், பிடியை நீக்கினாள். மாற்று எதுவும் சிக்கவில்லை. “அவ்ளோதான் சார்” என்றாள், டிசைன் தலைவர் பார்த்தசாரதியிடம்.

அவளோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த ஜஸ்டின் பக்கத்து மேஜையிலிருந்து சிரித்தான். “இன்னா ஷோபனா, ஸ்பிரிங்க மட்டும் தாண்டிப் பூட்ட? மாமியார் ரூமாட்டம் அத சுத்திகினு போற.”

“அது இல்லாம எப்பிடி மூடும்?”

“நீதான் சொல்லணும். இப்ப நீ எதிரி கம்பெனி.”

ஷோபனாவுக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்று தாண்டவில்லை, கண் அங்கே நிற்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஸ்பிரிங்கை நீக்கிப் பார்த்தாள். மிச்சம் குழாய் வாயை அடைக்கும் ரப்பர் தட்டும் தண்ணீரும். தட்டை உள்பக்கமாகத் திறக்க வைத்தால், கேனில் நிற்கும் தண்ணீரின் கனமே அதை மூடிவிடும்.

சொல்லாமல் இருந்துவிடலாம். இன்றைக்கு யாருக்கும் தெரியாது. சொன்னாலும் கண்டுபிடித்தவள் என்று அவள் பெயர் இருக்கத்தான் போகிறது. ஆனால் தேவையே இல்லாத ஒன்றுக்கா இரண்டு வருடம் என்று, வேறு யாரும் கேட்காவிட்டாலும், ஆவடிக்குப் போகும் ரயிலில் அவளே கேட்டுக்கொள்வாள்.

“சார், ஸ்பிரிங் வேணாம். தண்ணியே மூடிடும்.”

பார்த்தசாரதி வரைபடத்தையும், எதெல்லாம் தங்களுக்கே உரிமை என்று கேட்கும் கோரிக்கைப் பட்டியலையும் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். “அப்ப முதல் கோரிக்கைய மாத்தணுமேம்மா.”

“‘மூடும் விசை’ன்னு போட்டுடலாம் சார். எது மூடினாலும் நம்மளுதுதான். ஸ்பிரிங் அஞ்சாவது கோரிக்கைல ஒரு வகையா இருக்கட்டும்.”

ஸ்பிரிங் என்ற சொல்லை முதல் கோரிக்கையிலிருந்து அவளே அழித்தாள்.

“எம் பேரு வராதா?” என்றான் ஜஸ்டின்.

“கேள்வி கேட்டவன் பேரெல்லாம் போட்டா வக்கீலுக்கு இடம் பத்தாது” என்றாள் ஷோபனா, அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே.